விஸ்டம் கோப்பு ஏறிவிட்டது

ஹட்டன்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி? பத்து நாளாக மழை விடவில்லை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. அதனால்தான் பதில் பிந்திவிட்டது.

பைதானில் சேமித்த விஸ்டம் கோப்பை ஃபோர்ட்ரானில் ஏற்றலாமா என்று கேட்டிருந்தாய். ஏற்றலாம், நேற்று ராத்திரி ஏற்றிவிட்டேன். அதிர்வுப் பதிவை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டிடபிள்யூ (FFTW) லைப்ரரி ஒரே கணக்கைப் பல வழியில் ஓட்டிப் பார்த்து, நம் மெஷினில் எது வேகமோ அதைக் குறித்து வைக்கிறது; அந்தக் குறிப்புதான் விஸ்டம். எந்த மொழியில் கூப்பிட்டாலும் அடியில் ஓடுவது அந்த சி லைப்ரரிதான், அதனால் குறிப்பும் பொது. கரண்ட் போகும்போதெல்லாம் அந்த அளவெடுப்பை முதலிலிருந்து தொடங்கி அலுத்துப் போயிருந்தேன்.

பைதானில் எக்ஸ்போர்ட் செய்தால், எண்களின் துல்லியத்துக்கு ஒன்றாக மூன்று துண்டு வரும்: டபுள், சிங்கிள், லோங் டபுள். நம் அதிர்வுப் பதிவுக்கு டபுள் போதும், முதல் துண்டை மட்டும் கோப்பில் எழுது. ஃபோர்ட்ரானில் கோப்பின் பெயருக்குப் பின்னால் சி நல் கேரக்டரை ஒட்ட மறக்காதே. சி-க்குப் பெயர் எங்கே முடிகிறது என்று அதை வைத்துத்தான் தெரியும்.

அதைச் செய்தும் எனக்கு இம்போர்ட் பூச்சியத்தையே திருப்பியது. பூச்சியம் என்றால் ஏறவில்லை. ஆனால் புரோகிராம் நிற்காது, எர்ரரும் காட்டாது, பேசாமல் பழையபடி அளக்கத் தொடங்கிவிடும். இரண்டு ராத்திரி இதிலேயே போனது. கடைசியில் கோப்பைத் திறந்து முதல் வரியைப் பார்த்தேன். அடைப்புக்குறிக்குப் பக்கத்திலேயே 3.3.10 என்று இருந்தது. ஃபோர்ட்ரானோடு நான் இணைத்திருந்தது 3.3.8. பதிப்பு ஒன்றாக இல்லாவிட்டால் அது ஏற்காது. எஃப்எஃப்டிடபிள்யூவைக் கூப்பிடும் பைதான் பொதி தன் சொந்த லைப்ரரியைக் கூடவே கொண்டு வந்திருக்கிறது! சிஸ்டத்தில் உள்ள லைப்ரரியோடு சேர்த்து அந்தப் பொதியைத் திரும்பக் கட்டினேன், ஏறிவிட்டது. நீ முதலில் அந்த வரியைப் பார், அப்புறம் மற்றதெல்லாம்.

என் கோப்பை உனக்கு அனுப்பவில்லை. அது என் மெஷினை அளந்து எழுதியது, உன்னுடையதில் நீயே ஒரு தரம் ஓட்டு.

2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவில் மண்ணுக்குள் போனதிலிருந்து நாம் பேசிவரும் வேலை இது. மலைச்சரிவின் அதிர்வை உடனுக்குடன் பார்க்க வேண்டுமென்றால் அளவெடுப்பிலேயே நேரம் போகக் கூடாது. போயா லீவுக்கு ரயிலேறி பதுளைக்கு வருகிறேன். உன் பக்கத்துப் பதிவுகளை எடுத்து வை, இரண்டு பேருமாக உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்