துவக்கை ஒப்படைத்துவிட்டு அழு, மகள்

தம்பலகாமம்
வைகாசி மாதம்

அன்புள்ள மகளுக்கு,

"அப்பா, உங்களுக்கு ஏதும் நடந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று ரெலிபோனில் கேட்டாய். நான் நெல் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்தாள், அதுதான் காரணம். விளக்கு வைத்த நேரத்தில் அந்தப் பேச்சை எடுத்தால் அவளுக்கு ஆகாது. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாய். பதிலை எழுத்தில் வைக்கிறேன், மருமகனிடமும் காட்டு.

முதலில் துவக்கு, அந்தத் துப்பாக்கி. சவத்துக்கு முன்னால் துவக்கா என்று சிரிக்காதே. அதன் லைசன்ஸ் என் பெயரில் இருக்கிறது. 1916இல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்தான் இன்றைக்கும் நடக்கிறது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், ஆள் போனால் லைசன்ஸும் போச்சு. செத்த வீட்டில் நாலு பக்கமும் சனம் வந்து போகும், அலுமாரியை யாரும் கவனிக்க மாட்டார்கள். பின்வளவில் குடிக்கிற பொடியன்கள் இருப்பார்கள். ஆகையால் கிராம சேவகரான விதானையாருக்கும் பொலிசுக்கும் முதலில் சொல்லுங்கள். பொலிஸ் வந்து எடுக்கட்டும், வேறு யாரும் அதைத் தூக்கிக்கொண்டு றோட்டில் இறங்கக் கூடாது. எடுக்கும்போது நம்பரோடு ரசீது எழுதி வாங்க வேண்டும்.

ரசீதை இவ்வளவு வற்புறுத்துவது ஏனென்றால், எண்பதுகளில் அப்பப்பாவின் துவக்கை ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தார். துண்டுக் கடதாசியில் ஏதோ கிறுக்கிக் கொடுத்தார்கள். அதில் நம்பரும் இல்லை, வாங்கியவரின் பெயரும் இல்லை. அந்தக் கடதாசியைக் கறையான் தின்னும்வரை மனுஷன் தேவாரப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். துவக்கு திரும்பி வரவேயில்லை.

நீ வளர்ந்த காலத்தில் நம் வீட்டில் துவக்கு இல்லை. சண்டை முடிந்து சில வருடம் கழித்துத்தான் பயிர்க்காவலுக்கென்று எனக்கு இது கிடைத்தது. நீ அதற்குள் கனடா போய்விட்டாய். அதனால் உன் அப்பாவின் இந்தப் பக்கம் உனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒற்றைக் குழல், குழல் அளவு பன்னிரண்டு போர். பெரிய சாமான் ஒன்றுமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைக்கிற நேரம் இருக்கிறதே, அதை நான் எந்தத் திருவிழாவுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். திண்ணையில் சாக்கு விரித்து, துவக்கை மடித்து, தோட்டா இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் சின்னவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன். நேற்றுத்தானே வெறுமையாக வைத்தோம் என்ற எண்ணம்தான் ஆளைக் கொல்வது. பிறகு கம்பியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுப்பேன். முதல் துணி கறுப்பாக வரும், அடுத்தது சாம்பல் நிறம், கடைசித் துணி போனபடியே வரும். குழலை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தால் உள்ளே வட்டம் வட்டமாக வெளிச்சம் ஓடும். திருகோணமலை உப்புக்காற்றுக்கு இரண்டு கிழமை பாராமல் விட்டாலே துரு பிடித்துவிடும். தேங்காய் எண்ணெய் போட்டால் பிசினாக இறுகும். தையல் மெஷின் எண்ணெய்தான் சரி. அதற்காக அம்மாவிடம் கேட்கிற ஏச்சு தனிக் கதை.

பேரன் வரும்போது பயப்பட வேண்டாம். துவக்கு ஒரு பூட்டில், தோட்டா வேறொரு அறையில் வேறொரு பூட்டில். மழைக்காலத்தில் பழைய கடதாசித் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதிக் குழலுக்குள் இறங்காமல் நிற்கும். ஆகவே எல்லாம் மைலோ டின்னில், கரித்துண்டு போட்டு இருக்கிறது.

சுடுவது என்று பார்த்தால் குறைவுதான். தோட்டா விற்கிற விலைக்கு விளையாட்டுக்குச் சுட முடியுமா? பெரும்போகத்தில் பயிர் குடலைக்கு வரும் நேரம் பன்றி இறங்கும். ஒரு கூட்டம் ஒரு இரவில் அரை ஏக்கரை உழுத மாதிரி ஆக்கிவிட்டுப் போகும். அப்போதும் அனேகமாக மேலே ஒரு வெடிதான். எஸ்.ஜி. தோட்டாவில் பெரிய ஈயக்குண்டுகள் ஒன்பது இருக்கும். இருட்டில் அது எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் விசையைத் தொடுகிறவன் எங்கள் கூட்டத்தில் இல்லை. மயிலும் பயிரை அழிக்கிறதுதான். ஆனால் முருகனின் வாகனத்துக்கு நேரே குழலைப் பிடிக்க எனக்கு மனம் வராது. கம்பி தட்டுப்பட்டால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கு கட்டுகிறவர்களோடு நாங்கள் பேச்சே வைத்துக்கொள்வதில்லை. கம்பியில் தட்டியது பன்றியா, மாடு தேடி வந்த பிள்ளையா என்று அந்தத் துவக்குக்குத் தெரியாது.

எங்கள் கூட்டத்தில் முஸ்லிம் கூட்டாளி கிண்ணியாக் காக்கா, பாலையூற்று மாஸ்டர், சிங்களக் கூட்டாளி கந்தளாய் மாத்தயா, அப்புறம் நான். எல்லோருக்கும் வயல் பக்கத்துப் பழக்கம். எல்லோருக்கும் இடது காது மந்தம். வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழல் வாய்க்குக் கிட்ட இருக்கும், வலது காதைத் தலை மறைத்துவிடும். அதனால் காவற்கொட்டிலில் உட்காரும்போது ஒவ்வொருவரும் மற்றவருடைய இடப்பக்கத்தைப் பிடிக்கப் பார்ப்போம். யார் எங்கே இருப்பது என்று தீர்வதற்குள் பிளேன்டீ ஆறிவிடும். காக்கா தான் சுட்ட பன்றியைத் தொடவும் மாட்டார். மாஸ்டருக்குச் செய்தி போகும், அவர் சைக்கிளில் பறந்து வருவார். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கு, மயில், மரஅணில் எண்ணச் சொன்னார்களே, அன்றைக்கு மாஸ்டர் குரங்கு எண்ணியதை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் கற்ராக், கண்புரை. வாலை ஒன்றாகவும் தலையை இன்னொன்றாகவும் எழுதினாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

வயதான ஆண்கள் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் சாவுக்குத்தான் வரும். நீ முன்பு ஒருமுறை அனுப்பிய செய்தியை நான் கொட்டிலில் சொன்னேன். அமெரிக்காவில் அலபாமாவில் ஒரு கம்பனி, 2011இல் தொடங்கியது, எரித்த சாம்பலைத் தோட்டாவுக்குள் அடைத்து வீட்டாருக்கே திருப்பி அனுப்புகிறதாம். வேட்டைக்காரக் கிழவர்கள் விரும்பிக் கேட்கிறார்களாம். அதற்கு முன்னமே, 2005 ஆகஸ்டில், ஹண்டர் தொம்சன் என்ற எழுத்தாளரின் சாம்பலைக் கொலராடோவில் பீரங்கியில் வைத்து வானத்துக்குச் சுட்டார்கள் என்பதையும் நீதான் சொன்னாய். மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னை அடைத்துச் சுட்டால் பன்றி நின்று தும்மிவிட்டுத் திரும்ப மேயும்" என்றார். எனக்கு அதைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவரவர் மண்ணில் அவரவர் ஆசை. வாழ்நாள் முழுக்க ஒரு காட்டில் திரிந்தவன் அதே காட்டில் பரவ நினைப்பது விளங்குகிறது. ஆனால் என்னைச் சுட வேண்டாம்.

மாஸ்டர் வேதக்காரர், அவருக்குச் சேமக்காலையில் மனைவிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. சட்டைப் பையில் ஒரு வெறுந்தோட்டா வைக்க வேண்டும் என்பது மட்டும் அவர் ஆசை. பாதரிடம் கேட்டாராம், பாதர் சிரித்தாராம். சம்மதம் என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். மாத்தயாவுக்குச் சாம்பலை வரப்பில் புதைத்து மேலே ஒரு மருதமரம் வைத்தால் போதும்.

காக்கா இந்தப் பேச்சில் அதிகம் கலந்துகொள்வதில்லை. மூன்று துண்டு வெள்ளைத் துணி, அன்றைக்கே அடக்கம், ஊர் மையவாடி. அதில் ஆசைப்பட என்ன இருக்கிறது, அது எல்லோருக்கும் கிடைப்பதுதானே என்று முன்பெல்லாம் சொல்வார். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. புதைத்தால் கிருமி நிலத்தடித் தண்ணீரில் இறங்கும் என்றார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் எடுபடவில்லை. 2021 பெப்ரவரியில்தான் அந்த விதி மாறியது. பிறகு நாட்டில் எங்கே இறந்தாலும் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். அந்தக் காலத்தில் காக்கா சாதாரண இருமலுக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. செத்துப் போவதற்கு அவர் பயப்படவில்லை, நெருப்புக்குத்தான் பயந்தார். 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது என்று நான் பத்திரிகையை நீட்டினேன். வாங்கி முழுவதும் வாசித்தார், மடித்து என்னிடமே தந்தார். எனக்கு எரிவதுதான் முறை, அவருக்குப் புதைவதுதான் முறை. இரண்டு பேருக்கும் அவரவர் முறைப்படி நடக்க வேண்டும் என்பதில் எனக்கு இருக்கிற பிடிவாதம் அந்த வருடத்தில் வந்தது.

சரி, என் விஷயம். நான் போனால் உன் ரிக்கெட்டுக்காக என்னை வைத்திருக்க வேண்டாம். இது கோபத்தில் எழுதுவதல்ல. ஊரில் இப்போது மருந்தேற்றி ஐந்து நாள், ஆறு நாள் கிடத்துகிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளை வந்து சேரும்போது அந்த முகம் தகப்பனின் முகமாகவா இருக்கிறது? அதற்குள் அம்மா சாப்பாடு தண்ணி இல்லாமல் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்து தேய்ந்துபோவாள். அடுத்த நாளே எடுத்துவிடுங்கள். நீ ஊரில் நிற்கும்போது நடந்தால் கொள்ளி நீயே வை. பெண் பிள்ளை சுடலைக்கு வருவதா என்று யாராவது கேட்பார்கள், இந்தக் கடிதத்தைக் காட்டு. நீ இல்லையென்றால் சித்தப்பாவின் மூத்தவன் வைக்கட்டும், அவனிடம் சொல்லிவிட்டேன். வீடியோவில் காட்டுவது உங்கள் விருப்பம். ஆனால் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் பந்தம் பிடிக்கிற பிள்ளைகளை மறைக்காமல் நிற்கட்டும்.

பறை மேளம் இருக்கட்டும், சுண்ணம் இடிக்கட்டும், அதெல்லாம் வேண்டும். வழி நெடுக வெடி கொளுத்துவதுதான் வேண்டாம். துவக்குக்காரனுக்கு வெடி இல்லாத ஊர்வலமா என்று கூட்டாளிகள் கேட்டார்கள். நம் ஒழுங்கையில் வெடிச் சத்தத்துக்கு இன்னமும் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு உள்ளே ஓடுகிற சனம் இருக்கிறது. என்னை வழியனுப்ப வருகிறவர்களை அப்படிப் பதற வைக்க எனக்கு இஷ்டமில்லை. என் துவக்கால் யாரும் மரியாதை வெடி வைக்கவும் கூடாது. லைசன்ஸ் இல்லாத கை அதைத் தொட்டால் குற்றம். அது தெரிந்தும் மாஸ்டர் கேட்பார். அவருக்கு இடம் கொடுக்காதே.

சாம்பல் கன்னியாவுக்கு. சாம்பல் கரைக்கிற அந்தியேட்டிக் கிரியை அங்கேதான். இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று நீ சின்ன வயதில் கேட்ட கதைதான், ஏழு கிணற்றிலும் ஓடி ஓடிக் கை வைத்து எது கூடச் சூடு என்று பார்த்தாயே, அதே இடம். எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் கடன்பட்டுச் சமைக்க வேண்டாம். வருகிறவர்களுக்கு மரக்கறிச் சோறு போதும். காக்கா வீட்டுக்குத் தனியாக ஒரு சாப்பாடு போக வேண்டும்.

துவக்கை உன் பெயருக்கோ சித்தப்பாவின் மகன் பெயருக்கோ மாற்றலாமா என்று கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், கேட்கலாம். எனக்கு அதில் ஆசை இல்லை. வயல் செய்கிறவனுக்குத்தான் அது தேவை. அவன் குத்தகைக்கு விடப்போகிறேன் என்று இப்போதே சொல்கிறான். சுவரில் மாட்டி வைத்து அப்பாவின் ஞாபகம் என்று தூசி தட்டுவதற்கு அது படமல்ல.

துவக்குப் பெட்டியின் சாவி நான் எங்கே வைக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும். தோட்டாச் சாவி காக்காவிடம். லைசன்ஸ் புத்தகம் காணி உறுதியோடு இருக்கிறது.

ஆடியில் வரும்போது சொக்லேட் பெட்டிகளைக் குறை, சுங்கத்தில் நின்று அலைய வேண்டாம். மாஸ்டருக்கு ஒரு நல்ல தொப்பி கேட்டிருக்கிறார், அளவு பெரியதாகப் பார். எனக்குக் காதுக்குப் போடுகிற அந்த மெத்தை அடைப்பான் நாலு சோடி கொண்டு வா. இடது காது போனது போனதுதான், வலதையாவது காப்பாற்றுவோம்.

இப்படிக்கு,
அப்பா