ஹெட்போனில் ஒலி வேறு, சௌகரியம் வேறா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலையுயர்ந்த ஹெட்போன்களை ஒப்பிட்டுத் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடைசியில் உள்ள அட்டவணையில் 'ஒலி' என்று ஒரு கட்டம், பக்கத்திலேயே 'சௌகரியம்' என்று இன்னொரு கட்டம், இரண்டுக்கும் தனித்தனியாக நட்சத்திரங்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. ஹெட்போன் தலையில் எப்படி உட்காருகிறதோ அப்படித்தான் ஒலிக்கும். சரியாக உட்காராத ஹெட்போனுக்குப் போட்ட ஒலி மதிப்பெண், அந்த ஹெட்போனுக்கானதே அல்ல.

முதலில் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களின் ஒலி. பிளேனார் வகை (காந்தங்களை ஒட்டி விரிந்த மெல்லிய தகடு அதிர்ந்து ஒலி எழுப்பும்) ஹெட்போன்கள் பலவற்றில், தோல் பேட் என்கிற மெத்தை காதைச் சுற்றி இடைவெளியில்லாமல் படிந்தால் 20 ஹெர்ட்ஸ் வரை பேஸ் குறையாமல் கிட்டத்தட்ட நேர்கோடாக நீளும். மூக்குக் கண்ணாடியின் காம்பு பேடை ஓரிடத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், காற்று கசிந்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பல டெசிபல் காணாமல் போகும். தாடை எலும்புக்குப் பின்னால், காது மடலுக்குக் கீழே உள்ள பள்ளத்திலும் இதே கசிவு நடக்கும். துணி அல்லது வெலூர் பேடு போட்ட, வெளிப்புறம் வலையாகத் திறந்திருக்கும் 'திறந்த வகை' டைனமிக் (கம்பிச் சுருளால் அசையும் தகடு கொண்ட) ஹெட்போன்களில் காற்று ஏற்கெனவே ஊடுருவிப் போவதால், கண்ணாடி போட்டாலும் கழற்றினாலும் பெரிய மாற்றம் தெரியாது. ஆக, கண்ணாடி அணிந்த விமர்சகர் ஒரு பிளேனாரைக் கேட்டு 'பேஸ் மெலிவு' என்று எழுதினால், அது அவர் முகத்துக்கு உண்மை, கண்ணாடி அணியாத வாசகருக்குப் பொய்.

கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. 30 ஹெர்ட்ஸ் டோனை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலி) மெல்லிய அளவில் ஓடவிட்டு, காதை மூடும் இரண்டு கப்களையும் உள்ளங்கையால் லேசாக உள்நோக்கி அழுத்துங்கள். ஒலி எழும்பினால், அதுவரை பேடு சரியாகப் படியவில்லை. டோன் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கம் நன்றாக அடைந்திருக்கிறது, மறுபக்கம் கசிகிறது. ஹெட்பேண்டை ஒரு கிளிக் ஏற்றியோ இறக்கியோ, கப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளியோ பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

ட்ரெபிள், அதாவது உயர்ந்த சுரங்களின் ஒலி, இன்னும் வம்பு. 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அலைநீளம் சில சென்டிமீட்டர்தான் என்பதால், காது மடலின் மடிப்புகளுக்கும் ஒலி எழுப்பும் பாகமான டிரைவருக்கும் உள்ள தூரமும் கோணமும் சற்று மாறினாலே சில டெசிபல் ஏறும், இறங்கும். ஒரே ஹெட்போனைக் கழற்றி மறுபடி மாட்டினாலே இந்த வித்தியாசம் வரும். அதனால் எந்த ஹெட்போனையும் மூன்று முறை கழற்றி மாட்டிக் கேட்ட பிறகே கருத்து எழுத வேண்டும். இரண்டு ஹெட்போன்களுக்கு இடையில் தெரிகிற வித்தியாசம், ஒரே ஹெட்போனின் இரண்டு மாட்டலுக்கு இடையில் தெரிகிற வித்தியாசத்தைவிடச் சிறியதென்றால் அதைப் பதிவு செய்யாமல் விடுவதே நேர்மை. 'நூறு மணி நேரம் ஓடவிட்ட பிறகு ட்ரெபிள் மென்மையானது' என்கிற பேச்சில் பாதிக்கு மேல் இந்த மாட்டல் வித்தியாசமும், பேடு முகத்துக்குப் பழகியதும், காது அந்த ஒலிக்குப் பழகியதும்தான்.

பேடு நிலை என்ன என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தினமும் உபயோகித்தால் ஓரிரு ஆண்டுகளில் பேடின் உள்ளே உள்ள ஃபோம் அமுங்கிவிடும். டிரைவர் காதுக்கு நெருங்கும், உள்ளே அடைபடும் காற்றின் அளவு குறையும், ஒலியின் நிறமே மாறும். 1997-இல் வந்த சென்ஹைசர் ஹெச்டி 600 போன்ற, பல ஆண்டுகளாகப் புழங்கும் மாடல்களைப் புதிதாக வந்தவற்றோடு ஒப்பிடும்போது இது பெரிய விஷயம். பழைய பேடோடு உள்ள ஹெச்டி 600 மந்தமாகக் கேட்டால் குற்றம் ஹெட்போனுடையது அல்ல. வேறு நிறுவனம் செய்யும் தடித்த தோல் பேடுகளும் இப்படித்தான். காதுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் பேஸும், நடுத்தர ஒலியான மிட்ஸும் வேறாகிவிடும். சௌகரியத்துக்காகப் பேடு மாற்றியவர் ஒலியையும் மாற்றிவிட்டார் என்பதை உணர்ந்து, பழைய பேடைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

இனி எடை. ஹெச்டி 600 சுமார் 260 கிராம், ஹெச்டி 800 எஸ் 330 கிராம், ஹைஃபைமேன் சுஸ்வாரா 450 கிராம், ஃபோக்கல் யுட்டோப்பியா 490 கிராம், ஆடிஸி எல்சிடி-எக்ஸ் 612 கிராம். பிளேனாரில் தகட்டை ஒட்டிக் காந்தங்கள் வரிசையாக நிற்பதால் எடை கூடத்தான் செய்யும். ஆனால் எடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது தவறு. அந்த எடை எத்தனை சதுர சென்டிமீட்டரில் பரவுகிறது என்பதுதான் கேள்வி. உச்சந்தலையில் தொங்கும் அகலமான தோல் பட்டை, 500 கிராமையும் சுமக்க வைத்துவிடும். ஏகேஜி கே701-இன் பட்டைக்கு அடியில் முடிச்சு முடிச்சாக இருந்த மேடுகள், அதைவிடக் குறைந்த எடையிலேயே பலருக்கு உச்சியில் வலியை உண்டாக்கின.

எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பிடிமானம். பயணப் பெட்டியை எடை போடும் தராசு ஒன்று இருந்தால் அளந்துவிடலாம். ஒரு கப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றில் கொக்கியை ஒரு துணிப்பட்டையால் கட்டி, பேடுகளுக்கு இடையே 15 சென்டிமீட்டர் வரும்வரை இழுங்கள். தராசு காட்டும் கிராம்தான் பிடி. நான்கைந்து நியூட்டன், அதாவது 400, 500 கிராம் அளவு என்றால் பலருக்குத் தாங்கும். அதற்கு மிகவும் மேலே போனால் தாடையும் கண்ணாடிக் காம்பின் மேலுள்ள தோலும் ஒரு மணி நேரத்தில் முறையிடும். மிகவும் குறைந்தால் குனியும்போது நழுவும், பேடு படியாமல் பேஸ் போகும். புதிய ஹெச்டி 600, 650 இறுக்கமாகப் பிடிப்பது தெரிந்த கதை. ஹெட்பேண்டின் இரு பக்கக் கைகளையும் முழுவதும் நீட்டினால் வெளியே தெரியும் உலோகப் பட்டையை மட்டும் இரு கையாலும் மெல்ல மெல்ல வளைத்துத் தளர்த்தலாம். பிளாஸ்டிக் பகுதியைப் பிடித்து வளைத்தால் உடையும். அவசரமில்லாதவர்கள் தலையைவிடச் சற்று அகலமான அட்டைப் பெட்டியின் மீது ஓரிரு இரவு மாட்டி வைக்கலாம். அளவுக்கு மீறித் தளர்த்தினால் மேலே சொன்ன கசிவு வந்துவிடும் என்பதால், 30 ஹெர்ட்ஸ் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்து பார்ப்பது நல்லது.

அடுத்தது வால்யூம். ஒப்பீடுகளில் நடக்கும் தவறுகளில் தலையாயது இதுதான். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதை நம் காது 'சத்தம் அதிகம்' என்று சொல்லாது, 'தெளிவு அதிகம்', 'உயிர்ப்பு அதிகம்' என்றே சொல்லும். ஒலி குறையக் குறையக் காதுக்குப் பேஸ் கேட்பது இன்னும் வேகமாகக் குறையும் என்பதை ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் சத்தமாக ஓடும் ஹெட்போனுக்குப் பேஸும் கூடுதலாக இருப்பதாகத் தோன்றும். ஹெட்போனை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரின் (ஆம்ப்) குமிழை இரண்டுக்கும் ஒரே எண்ணில் வைத்தேன் என்பது சமநிலை ஆகாது.

செய்ய வேண்டியது இது: 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ள பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான இரைச்சல் ஒலி) ஒன்றை எடுத்துக்கொண்டு, இரண்டு ஹெட்போன்களையும் மாற்றி மாற்றி மாட்டி, சத்தம் ஒன்றாகத் தோன்றும்வரை குமிழைத் திருப்புங்கள். முழு அலைவரிசை நாய்ஸ் வேண்டாம், பேஸும் ட்ரெபிளும் குழப்பும். சமமானதும் 200 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் வெளியீட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் அதே வோல்ட்டுக்குத் திரும்பலாம். 1,000 ஹெர்ட்ஸில் அளக்கக் கூடாதா என்றால், சாதாரண மல்டிமீட்டர்கள் பல அங்கே தப்பான எண்ணைக் காட்டும். அளக்கும்போது இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆம்ப் போய்விடும்.

ஒலி நினைவு நெடுநேரம் நிற்பதில்லை. முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு அடுத்த ஹெட்போனுக்குப் போவதைவிட, அதே 20 வினாடித் துண்டை முதலாவதில், இரண்டாவதில், மறுபடி முதலாவதில் கேட்பதே பலன் தரும்.

எந்த ஆம்பில் ஓட்டினார்கள் என்பதும் கட்டுரையில் இல்லை. கணக்கைப் பாருங்கள். சுஸ்வாராவின் இம்பீடன்ஸ் (மின்தடை) 60 ஓம், ஒலி ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபல். போனில் செருகும் சிறிய அடாப்டரான டாங்கிள் சுமார் ஒரு வோல்ட் தரும் என்று வைத்தால் 60 ஓமில் 17 மில்லிவாட் கிடைக்கும், உச்சம் 95 டெசிபலோடு நின்றுவிடும். ஆர்கெஸ்ட்ரா பதிவில் சராசரியைவிட 20 டெசிபல் எகிறும் இடங்கள் அங்கே நசுங்கிவிடும். 110 டெசிபல் உச்சம் வேண்டுமென்றால் அரை வாட், அதாவது ஐந்தரை வோல்ட் தேவை. 80 ஓம், 104 டெசிபல் உள்ள யுட்டோப்பியாவுக்கு அதே உச்சத்துக்கு 4 மில்லிவாட், அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் போதும். ஒரே டாங்கிளில் இரண்டையும் ஓட்டி 'சுஸ்வாராவில் துடிப்பில்லை' என்று எழுதினால் அது டாங்கிளுக்கான விமர்சனம். பெட்டியில் அச்சிட்ட எண்ணிலும் ஒரு பொறி உண்டு. சிலர் மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று போடுவார்கள், சிலர் வோல்ட்டுக்கு. 300 ஓம் ஹெட்போனில் இரண்டுக்கும் 5 டெசிபல் வித்தியாசம், 32 ஓமில் 15 டெசிபல். அலகைப் பார்க்காமல் எண்ணை ஒப்பிடக் கூடாது.

ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸும் ஒலியைத் தொடும், ஆனால் எல்லா ஹெட்போனையும் அல்ல. ஹெச்டி 600-இன் இம்பீடன்ஸ் 300 ஓம் என்று போட்டிருந்தாலும் மேல் பேஸ் பகுதியில் 500 ஓமைத் தாண்டும். 100 ஓம் வெளியீடு உள்ள வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்பில் போட்டால் அந்த இடத்தில் சுமார் ஒரு டெசிபல் மேடு எழும். 'வால்வின் கதகதப்பு' என்று புகழப்படுவதில் ஒரு பங்கு இதுதான். பிளேனாரில் இம்பீடன்ஸ் கோடு நேராக இருப்பதால் சத்தம் மட்டும் குறையும், நிறம் மாறாது.

ஒலியின் சமன்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுரையில் 'ஃபிளாட்டாக இருப்பதே சரி', அதாவது எல்லா அதிர்வெண்ணும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றிருக்கிறது. காதுக் குழாயும் மடலும் சேர்ந்து 3 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலியைப் பத்து டெசிபலுக்கு மேல் தூக்குகின்றன. ஸ்பீக்கரில் கேட்கும்போது இயல்பாகக் கிடைக்கும் அந்தத் தூக்கலை ஹெட்போனும் தந்தால்தான் குரல் குரலாகக் கேட்கும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் நடத்திய ஆய்வுகளில் பெரும்பான்மைக் கேட்பவர்கள் விரும்பியது, நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கரைப் போல பேஸ் சற்று உயர்ந்த ஒலியை. எல்லோரும் அல்ல, குறைவாக விரும்பியவர்களும் இருந்தார்கள். 2009-இல் வந்த ஹெச்டி 800-இல் 6 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு கூர்மை உண்டு. அதை அடக்கத்தான் 800 எஸ்-இல் வளைய டிரைவரின் நடுவே ஒலி உறிஞ்சும் அமைப்பு வைத்தார்கள். பேஸ் போதாதென்று தோன்றினால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5 டெசிபல் உயர்த்தும் ஷெல்ஃப் ஈக்யூ (ஈக்குவலைசர்) போடலாம், கூடவே மொத்த அளவை 5 டெசிபல் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளிப் ஆகும், அதாவது ஒலியின் உச்சங்கள் வெட்டுப்பட்டுச் சிதையும். பேடு சரியாகப் படிந்த பிளேனார் இதைத் தாங்கும். திறந்த வகை டைனமிக் சிலவற்றில் 30 ஹெர்ட்ஸில் சிதைவுதான் கூடும்.

'ஒரு பக்கம் கரகரப்பு, தயாரிப்புக் குறை' என்று ஒரு மாடலைப் பற்றி எழுதியிருந்தார்கள். திறந்த வகை ஹெட்போனில் இந்தக் கரகரப்பு வந்தால் முதலில் தேட வேண்டியது தலைமுடி. வலையைத் தாண்டி உள்ளே போன ஒரு முடி டிரைவர் தகட்டைத் தொட்டால், பேஸ் சுரம் வரும்போது மட்டும் காகிதம் உரசுவது போலக் கேட்கும். பேடைக் கழற்றி, மேல் ஃபோமை எடுத்துவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் எடுத்தால் போதும். வாக்குவம் கிளீனரோ காற்றடிக்கும் டப்பாவோ வேண்டாம், தகடு மடிந்தால் மீளாது.

அடுத்த ஒப்பீட்டின் அட்டவணையில் நட்சத்திரங்களுக்குப் பதிலாக எடை, பிடி, பேடின் வகையும் வயதும், ஓட்டிய ஆம்ப், விமர்சகர் கண்ணாடி அணிபவரா, ஒரே மூச்சில் எத்தனை நேரம் மாட்டியிருந்தார், எத்தனையாவது நிமிடத்தில் கை தானாக ஹெட்பேண்டைத் தேடிப் போனது என்பவற்றை அச்சிட வேண்டுகிறேன். குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். இடமிருந்தால் பேடின் உள் ஆழத்தையும் சேருங்கள். காதின் விளிம்பு டிரைவர் வலையில் இடிக்கிறதா என்பது கடையில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்ப்பவருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்