வி8 உறுமலும் வடபழனி இரண்டாவது கியரும்

வடபழனி, சென்னை
மார்கழி 12

அன்புள்ள ரகு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் உன் பையனின் பிக்கப் வண்டி, அரைப் பக்கம் பேத்தி. வசந்தா கண்ணில் பட்டிருந்தால் உனக்கு அன்றைக்குச் சோறு கிடைத்திருக்காது.

டெக்சாஸில் நாற்பது நாள் இருந்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பியவன், "ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் ஓட்டிவிட்டேன், இனி உன் ஹோண்டா தையல் மிஷின்தான்" என்று எழுதியிருக்கிறாய். அமெரிக்கப் பெரிய எஞ்சினா, ஜப்பான் சின்ன எஞ்சினா என்ற சண்டையில் இதைத்தானே 2002-இலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாய்! அப்போது என்னிடம் ஹோண்டா சிட்டி 1.5, உன்னிடம் இருந்தது ஃபோர்டு ஐகான் 1.6. அதை நீ "அமெரிக்க வண்டி" என்று சொல்லிக்கொள்வாய். ஐரோப்பாவில் வரைந்த ஃபியஸ்டாவுக்கு டிக்கி வைத்து மறைமலை நகரில் செய்த வண்டி அது. பெயர்ப்பலகை மட்டும்தான் அமெரிக்கா. சரி, போகட்டும்.

பரங்கிமலை ஏறிய நாள் நினைவிருக்கிறதா? உன் வண்டியில் ஐந்து பேர், என் வண்டியில் ஐந்து பேர், இரண்டிலும் ஏசி. மொத்தம் 300 அடி உயரம்தான். நீ அலட்டிக்கொள்ளாமல் ஏறிப்போய் மாதா கோயில் வாசலில் நின்று கையாட்டினாய். என் வண்டி பாதியிலேயே மூச்சு வாங்கியது. தப்பு வண்டியுடையது அல்ல. மூன்றாவது கியரை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். 106 குதிரைத்திறன் இருக்கிறதே என்ற திமிர். உன்னுடையது 92-தான். ஆனால் அந்த 106-ம் எஞ்சின் நிமிடத்துக்கு 7000 சுற்றை நெருங்கும்போதுதான் வரும். உன்னுடைய எட்டு வால்வு எஞ்சின் 2500-லேயே முழு இழுவையையும் கொடுத்துவிடும். மலையில் நான் 2000-இல் திணறிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் செங்கல்பட்டு தாண்டி நேர்சாலையில் உன்னைப் பின்னால் விட்டேனே, அதை மட்டும் நீ எந்தக் கடிதத்திலும் எழுதுவதில்லை.

இருபது வருடம் சண்டை போட்டும் நாம் இருவரும் ஆளுக்கு ஒரு பாதியை மட்டும் பார்க்கும் ஒரே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. குதிரைத்திறன் என்பது டார்க்கை, அதாவது எஞ்சினின் முறுக்கு இழுவையை, ஆர்.பி.எம். என்ற நிமிடச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி வருவது. பெரிய எஞ்சின் மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் ஓங்கித் தள்ளலாம். சின்ன எஞ்சின் லேசாகத் தள்ளி, வெறிபிடித்த மாதிரி சுற்றலாம். 1989-ஐ எடுத்துக்கொள். அந்த வருடம் ஹோண்டா ஜப்பானில் இன்டெக்ராவில் முதல் விடெக் எஞ்சினை, அதாவது வேகம் ஏறியதும் வால்வு திறக்கும் விதத்தை மாற்றிக்கொள்ளும் எஞ்சினை, வைத்தது. 1.6 லிட்டர், 160 குதிரை. அதாவது எஞ்சின் கொள்ளளவில் லிட்டருக்கு 100. அதே வருடத்து மஸ்டாங் ஐந்து லிட்டருக்கு 225 குதிரைதான் கொடுத்தது, லிட்டருக்கு 45. இதைச் சொல்லித்தான் உன் வாயை அடைப்பேன். நான் சொல்லாமல் விட்டது, அந்த மஸ்டாங்கின் டார்க் 400 நியூட்டன் மீட்டருக்கும் மேல், அதுவும் 3000 சுற்றுக்குப் பக்கத்திலேயே. இன்டெக்ராவுக்கு 150 சொச்சம், அதற்கும் 7000 வரை மிதிக்கவேண்டும். லிட்டர் கணக்கில் எஞ்சின் வாங்குகிறவன் யார்? எண்ணெய்க் கடையா அது?

ஜப்பான்காரன் அப்படிச் சின்னதாகச் செய்து சுழற்றியதற்குக் காரணம் அவனுடைய வரி. அங்கே ஆண்டு வரி ஏறக்குறைய 500 சிசிக்கு ஒரு படியாக ஏறும். பெட்ரோலுக்கான எண்ணெய் ஏறக்குறைய மொத்தமும் கப்பலில் வரவேண்டும், தெருவோ சந்து. அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு, சாலை நூறு மைலுக்கு வளையாது, சிசிக்கு என்று தனி வரியும் கிடையாது. எஞ்சினைச் சின்னதாக்கவேண்டும் என்று அவனுக்கு ஏன் தோன்றப்போகிறது? நம் ஊரிலும் 2006-இல் நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் வண்டிக்கு வரியைக் குறைத்தார்கள். 1.3 லிட்டர் ஸ்விஃப்ட் 2010-இல் 1.2 ஆனது.

1973 கதை ஒன்று உனக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். புகைக்கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருவது முடியாத காரியம் என்று டெட்ராய்ட் கம்பெனிகள் கையை விரித்தன. ஹோண்டா தன் சின்ன சிவிக் எஞ்சினைச் சிவிசிசி என்ற, பெட்ரோலை இரண்டு கட்டமாகச் சுத்தமாக எரிக்கும் முறையில் அதற்குள் கொண்டுவந்தது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமலே. குட்டி எஞ்சினில் எவனும் செய்வான், பெரிதில் நடக்காது என்று பேச்சு வந்ததாம். ஒரு செவர்லே இம்பாலாவை வாங்கி, அதன் 5.7 லிட்டர் வி8-க்கு அதே முறையில் புது ஹெட் செய்து பொருத்தி, அதையும் சோதனையில் தேற வைத்தார்கள். அந்த வி8-களின் கதி என்ன தெரியுமா? 1975 கார்வெட் 5.7 லிட்டரில் 165 குதிரை. பாதிப் பழி 1972-இல் மாறிய அளவுமுறைக்கும் போகும். அதற்கு முன்னால் எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து, சைலன்சர்கூட மாட்டாமல் அளந்த எண்ணை விளம்பரத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் நீ ஓட்டினாயே, உன் பையனின் அந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப்? அதன் வி8-இல் நாலு கேம்ஷாஃப்ட், 32 வால்வு, மாறும் வால்வு டைமிங். லிட்டருக்கு 80 குதிரை. எங்கள் ஜப்பான் கட்சி வேலையெல்லாம் அதற்குள் இருக்கிறது. அதே டெக்சாஸில், சான் அன்டோனியோவில், டொயோட்டா 5.7 லிட்டர் வி8 வைத்து டண்ட்ரா பிக்கப் செய்துகொண்டிருந்தது. இங்கே ஃபோர்டு 2013-இல் மறைமலை நகர் ஈகோஸ்போர்ட்டில் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ எஞ்சினை வைத்தது. 125 குதிரை! அப்போது நீ ஜப்பான் கட்சிக்கா தாவினாய்? டெக்சாஸில் கடை போட்டவன் பெரிய எஞ்சின் வைத்தான், சென்னையில் போட்டவன் சின்னது வைத்தான். கம்பெனி எந்த ஊர் என்று அந்த ஊர்ச் சாலை கேட்பதில்லை.

சாலை என்றதும் ஞாபகம் வருகிறது. ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்குத் தோண்டியதிலிருந்து போரூர் போவது ஒரு யாத்திரை. இரண்டாவது கியர், முதல் கியர், நியூட்ரல், மறுபடி முதல் கியர். என் விடெக் 7000-ஐப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிறது. இடது முழங்கால் வலிக்குக் காரணம் கிளட்ச்தான் என்கிறாள் லலிதா. டாக்டர் வயசு என்கிறார்.

போன மாதம் மகள் இழுத்துக்கொண்டு போய் சிட்டி ஹைப்ரிட்டை ஓட்டிப் பார்க்கவைத்தாள். எஞ்சின் அதே 1.5 லிட்டர்தான், 98 குதிரை. ஆனால் மின்மோட்டாரின் டார்க் 253, அதுவும் நின்ற இடத்திலிருந்தே. சிக்னல் விழுந்ததும் சத்தமே இல்லாமல் முதுகில் கைவைத்துத் தள்ளியது. நீ பரங்கிமலையில் காட்டிய இழுவை, என் கட்சியின் பெயர்ப்பலகையில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் என்னவென்று கேட்டாள், பரங்கிமலைக் கதையைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

வாங்குவதாக இன்னும் முடிவு செய்யவில்லை. பழைய வண்டிக்கு எஃப்.சி. முடித்து ஆறு மாதம்தான் ஆகிறது. பொங்கல் கழித்து வசந்தாவோடு வா. காலை ஐந்து மணிக்கே கிளம்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலை கொஞ்சம் காலியாக இருக்கும், மாமல்லபுரம் வரை நீயே ஓட்டு. ஏசியைப் போட்டுக்கொள், கியரை மட்டும் நான் சொல்லும்போது மாற்று.

பேத்தியின் போட்டோவை மறக்காமல் கொண்டு வா. வண்டி போட்டோ வேண்டாம்.

உன்,
மணி