விரலைச் செருகிவைத்துப் படிக்கும் வரலாறு

ஆசிரியருக்கு வணக்கம்.

அடிமை முறையின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு, கதை போகும் வழியைப் படிப்பவரே தேர்ந்தெடுக்கும் இன்டராக்டிவ் புத்தகங்கள் வழியாகச் சொல்லலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதி சம்மதம். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் பேத்திக்குப் பத்து வயது. அவள் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து அப்படி ஒரு புத்தகம் வாங்கி வந்தான். படிப்பவர்தான் தப்பி ஓடும் அடிமை. காட்டு வழி போனால் ஒரு பக்கம், ஆற்று வழி போனால் வேறு பக்கம். பிடிபட்டால் கதை முடிந்தது. இவளோ பழைய பக்கத்தில் ஒரு விரலைச் செருகியே வைத்திருக்கிறாள். பிடிபட்டதும் திரும்பிப் போய் அடுத்த வழி! அரை மணி நேரத்தில் "ஜெயிச்சுட்டேன் தாத்தா" என்று வந்து நின்றாள்.

1860இல் அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். அவர்களெல்லாம் சாமர்த்தியம் போதாமல் தோற்றவர்கள் என்றல்லவா பிள்ளை நினைத்துக்கொள்ளும்?

சரி என்று, ஹென்றி பிரவுன் கதையைச் சொன்னேன். அடிமையாக இருந்த அவர், 1849இல் அடிமை முறை நிலவிய ரிச்மண்டிலிருந்து, அது ஒழிந்துவிட்ட பிலடெல்பியாவுக்கு மரப்பெட்டிக்குள் பார்சலாகத் தப்பிப் போனவர். பெட்டி 3 அடி நீளம், 2 அடி அகலம், உயரம் இரண்டரை அடி சொச்சம். எங்கள் வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி கிட்டத்தட்ட அதே அளவு. உள்ளே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள். நான்கே நிமிடத்தில் வெளியே விடச் சொல்லி உள்ளிருந்து தட்டினாள். பிரவுன் இருந்தது 27 மணி நேரம். 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருந்தும் வழியில் பெட்டியைத் தலைகீழாக வைத்தார்கள். இப்படிச் செய்து பார்ப்பதுதான் இன்டராக்டிவ் என்றால் எனக்கு முழுச் சம்மதம்.

"அவர் ஏன் வீட்டில் எல்லாரையும் கூட்டிட்டுப் போகலை?" என்றாள். முந்தைய ஆண்டே அவர் மனைவியையும் பிள்ளைகளையும் விற்றுவிட்டார்கள். விற்காமலிருக்க மனைவியின் எஜமானனுக்குப் பிரவுன் பணம்கூடக் கொடுத்துவந்தார். இந்த இடத்தில் புத்தகம் எந்தப் பக்கத்துக்குப் போகச் சொல்லும்? பிரவுனை அனுப்ப உதவிய சாமுவேல் ஸ்மித், அதே ஆண்டு வேறு சிலரையும் பெட்டியில் அனுப்ப முயன்று பிடிபட்டுச் சிறைக்குப் போனார். அதே வழி, அதே ஊர்.

விளையாட்டாக்குவதில் எல்லை மீறியதும் உண்டு. கப்பலுக்குள் அடிமைகளை டெட்ரிஸ் விளையாட்டில் மேலிருந்து விழும் கட்டைகளைப் போல அடுக்கும் பகுதியைக் குழந்தைகளுக்கான கம்ப்யூட்டர் கேம் ஒன்றில் வைத்த டென்மார்க் நிறுவனம், 2015இல் எதிர்ப்பு கிளம்பியதும் அதை நீக்கியது.

தமிழிலும் இப்படிப் புத்தகங்கள் வர வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். வரட்டும். நாகப்பட்டினத்திலிருந்தே தொடங்கலாம். 17ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் டச்சுக்காரர்கள் நம் கரையில் ஆட்களை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். சோற்றுக்கில்லாமல் பெற்ற பிள்ளையை விற்றவர்களும் உண்டு. போடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்தப் பக்கத்தில் 'நீயாக இருந்தால் என்ன செய்வாய்?' என்று மட்டும் கேட்டு வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி நூலகர்,
திருச்சி.