ஓடு உடைந்தால் ஓடே போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். போன மாதம் குடும்பத்தோடு ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்ஸ்லிப் போய், காட்டுக்குள் இருக்கும் பழைய வனத்துறை விடுதி ஒன்றில் இரண்டு ராத்திரி தங்கினோம். ஓட்டுக் கூரை, கால் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்ட வாசற்படி, சாத்தும்போது முனகும் மரக்கதவு, அவ்வளவுதான். டிவி கிடையாது, செல்போனில் சிக்னலும் இல்லை. ராத்திரி ஓட்டின் மேல் ஏதோ தடதடவென்று ஓட, சின்ன மகள் என் கையை விடவே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் பத்தடி தூரத்தில் புள்ளிமான்கள் மேய்கின்றன!

வெட்டிய தேக்கு மரங்களை அந்தக் காலத்தில் இங்கிருந்துதான் சரிவில் சறுக்கிவிட்டார்கள், ஊர்ப் பெயரே அப்படி வந்ததுதான். மரம் போன இடத்தில் மறுபடி தேக்கு வளர்த்த வன அதிகாரி ஹியூகோ வுட் 1933-இல் இறந்தார், அவர் கல்லறையும் அங்கேயே மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. கைத்தடியால் மண்ணைக் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பாராம்.

சரி, கேட்பது ஒன்றுதான். இது மாதிரி பழைய காட்டு விடுதிகள் எங்கே இருந்தாலும், ஓடு உடைந்தால் ஓடே போடுங்கள், கதவு இற்றுப்போனால் மரத்திலேயே செய்யுங்கள். டைல்ஸும் ஏசியும் வேண்டாம், தயவுசெய்து.

- ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை