தேதியும் நேரமும்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் முன்பைவிடத் தேவலை. அக்காவின் இடமாற்றம் உறுதியாகிவிட்டது. மற்றவை எல்லாம் நீ அறிந்தபடியே இருக்கின்றன. இந்தக் கடிதத்தை உன் கேமராவின் கடிகாரத்தைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் "சரிம்மா, பார்க்கிறேன்" என்று முடித்துவிடுவாய் என்பதால், உட்கார்ந்து நிதானமாகப் படிக்கும்படி எழுத்தில் தருகிறேன்.

நம் இருவரிடமும் ஒரே மாடல் இருப்பதால் பொத்தான் பொத்தானாகச் சொல்ல முடிகிறது. மெனு பொத்தானை அழுத்தினால் மேலே இரண்டு தாவல்கள் தெரியும். கேமரா படம் போட்டதை விட்டுவிட்டு ஸ்பானர் படம் போட்டதற்குப் போ. ஒலி, திரையின் வெளிச்சம், தானாக அணைதல் ஆகியவற்றைத் தாண்டிக் கீழே இறங்கினால் "தேதி / நேரம்" என்ற வரி வரும். அதில் இருப்பது இன்றைய தேதிதானா என்று பார்த்து, இல்லையென்றால் அம்புக்குறிகளால் திருத்தி, நடுப் பொத்தானை அழுத்தி உறுதிசெய்துவிட்டு வெளியே வா. நடுப் பொத்தானை அழுத்தாமல் மெனுவை மூடிவிட்டால் திருத்தியது நிற்காது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான் என்றாலும், சொல்லிக்கொடுத்தவர்கள்தான் முதலில் மறக்கிறார்கள் என்பதால் எழுதிவைக்கிறேன்.

இந்தச் சந்தேகம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேமராவோடு வரும் குறுந்தகட்டை யாரும் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதில்லை என்று நீ கேலி செய்தாய். நான் எடுத்து, அதிலிருந்த மென்பொருளைக் கணினியில் போட்டு, இன்றுவரை அதையே பயன்படுத்துகிறேன். திறப்பதற்குள் பொறுமை போய்விடும். கார்டைச் செருகும்போதெல்லாம் "படங்களை இறக்கவா" என்று கேட்டுக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். படம் திருத்தும் வசதியும் கொஞ்சம்தான்: சிவந்த கண்ணைச் சரிசெய்யும், ஓரங்களை வெட்டும், வெளிச்சத்தை ஏற்றி இறக்கும், ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி வரிசையாக எடுத்த படங்களை ஒட்டி ஒரே அகலப் படமாக்கித் தரும். ஆனால் நாட்காட்டிப் பார்வை ஒன்று அதில் உண்டு. படத்தைக் கணினியில் எப்போது சேமித்தோம் என்பதை அது பொருட்படுத்தாது. ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா எழுதிவைக்கும் எக்சிஃப் குறிப்பைப் படித்து, எடுத்த நாளின் கட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். அரட்டைச் செயலிகள் வழியாக அனுப்பினால் படமும் சுருங்கும், இந்தக் குறிப்புகளும் போய்விடும் என்பதால்தான் மின்னஞ்சலில் முழு அளவில் அனுப்பு என்று உன்னிடம் ஓயாமல் சொன்னேன். நீயும் என் பேச்சைத் தட்டாமல் அப்படியே அனுப்பிவந்தாய். அந்த விதத்தில் உன்னைக் குறை சொல்லவே முடியாது.

அக்டோபரில் நீ அனுப்பிய இரண்டு படங்களும், ஜனவரியில் அனுப்பியதும், சென்ற மாதம் ஏப்ரலில் அனுப்பியதும் அந்த நாட்காட்டியில் ஒரே கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கின்றன. சென்ற ஆண்டு ஆகஸ்ட் 14. மாலை 4:40 முதல் 5:25 வரை.

கடிகாரம் பிசகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பேட்டரியை நீண்ட நாள் கழற்றி வைத்தாலோ, சார்ஜ் தீர்ந்தபடியே போட்டுவைத்தாலோ, உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் சிறு மின்சேமிப்பும் வற்றிவிடும். அடுத்த முறை கேமராவைத் திறக்கும்போது அது தேதியைக் கேட்கும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டுப் படம் எடுப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அப்படி நடந்திருந்தால், கேமரா ஆலையிலிருந்து வந்தபோது இருந்த தொடக்கத் தேதிக்கே திரும்பியிருக்கும். நம் மாடலில் அது ஜனவரி 1. என் கேமராவில் ஒருமுறை அப்படி ஆகி, பக்கத்து வீட்டுக் குழந்தை பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் படம் எடுக்கப்பட்டதாகக் காட்டியது. ஆகஸ்ட் 14 என்பது எந்த ஆலையும் போட்டு அனுப்பும் தேதி அல்ல.

அதன்பின் உலக நேர அமைப்பைப் பார்த்தேன். அதே ஸ்பானர் தாவலில், தேதிக்குப் பக்கத்தில், ஒரு வீட்டின் படமும் ஒரு விமானத்தின் படமும் இருக்கும். வீடு என்றால் சொந்த ஊரின் நேரம், விமானம் என்றால் போயிருக்கும் ஊரின் நேரம். நீ கிளம்பியபோது விமானத்துக்கு மாற்றிக்கொண்டாயா, இன்னும் வீட்டிலேயே வைத்திருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. எதில் வைத்திருந்தாலும் சில மணி நேரம்தான் முன்பின் ஆகுமே தவிர, எட்டு மாதம் பின்னால் போகாது. மேலும், தப்பான தேதியில் வைத்த கடிகாரமும் ஓடத்தான் செய்யும். அக்டோபரில் எடுத்ததற்கும் ஏப்ரலில் எடுத்ததற்கும் நடுவே அது தன் கணக்கில் ஆறு மாதத்தைக் காட்டியாக வேண்டும். நாற்பத்தைந்து நிமிடத்தைக் காட்ட வழியில்லை.

கோப்பு எண்களையும் பார்த்தேன். கேனன் என்றால் ஐஎம்ஜி, நிக்கான் என்றால் டிஎஸ்சிஎன், சோனி என்றால் டிஎஸ்சி என்று முன்னெழுத்து எதுவாக இருந்தாலும், கடைசி நான்கு இலக்கமும் ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று கூடி, 9999-ஐத் தொட்டபின் வேறு கோப்புறையில் மறுபடி 0001-இலிருந்து தொடங்கும். மெனுவில் "தொடர் எண்" என்று வைத்திருந்தால் கார்டை மாற்றினாலும் எண் விட்ட இடத்திலிருந்து போகும். இந்தக் கேமராவை வாங்கிய அன்று அப்படி வைத்துத் தந்தவன் நீ. அக்டோபரில் வந்தவை 1183, 1191. ஜனவரியில் வந்தது 1187. ஏப்ரலில் வந்தது 1185. எண்கள் பின்னோக்கியும் போகின்றன என்றால், உன் கேமராவில் இதுவரை யாரும் கேள்விப்படாத கோளாறு ஏதோ இருக்கிறது என்ற முடிவுக்குத்தான் வந்திருக்கிறேன். அப்பாவிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். ஜனவரிப் படத்தோடு "இங்கே குளிர் தாங்க முடியவில்லை" என்று எழுதியிருந்தாய். அரைக்கைச் சட்டையைப் பார்த்துவிட்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ளைச் சமநிலை சரியில்லை" என்றேன். அது படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு மட்டுமே என்பது அவருக்குத் தெரியாதது வசதியாகப் போயிற்று.

எனவே தேதியைச் சரிபார்த்துக்கொள். பேட்டரியை வெறுமையாகப் போட்டுவைக்காதே. பயன்படுத்தாமல் இருக்கும் நாட்களிலும் அவ்வப்போது ஒரு முறை சார்ஜ் செய்து வை. லித்தியம்-அயன் பேட்டரி முற்றிலும் வற்றிய நிலையில் நெடுநாள் கிடந்தால் பிறகு சார்ஜே ஏறாமல் போய்விடும்.

படங்கள் நன்றாகவே இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். ஷட்டரைப் பாதி அழுத்தி, பச்சைக் கட்டம் முகத்தில் விழுந்தபின் முழுதும் அழுத்தியிருக்கிறார்கள். டிஜிட்டல் ஜூமைத் தொடவே இல்லை. அதைத் தொட்டால் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதைத் தவிர வேறொன்றும் நடக்காது என்று தெரிந்த கை. 1191 அறைக்குள் ஃபிளாஷ் இல்லாமல் 1/15 வினாடியில் எடுத்தது என்று மென்பொருள் காட்டுகிறது. பட நிலைப்படுத்தல் உதவியிருந்தாலும் அந்த வேகத்தில் ஆடாமல் பிடிப்பது எல்லாருக்கும் வராது. 1187-இல் வெயில் எடுத்தவரின் முதுகுப் பக்கம் இருந்ததால், படத்தின் கீழ் ஓரத்தில் அவருடைய நிழல் நீளமாக விழுந்து உன் செருப்பு வரை வந்திருக்கிறது. தோளில் ஒரு பை தொங்குகிறது. கேமராவை இரண்டு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை உடம்போடு ஒட்டிவைத்து நிற்கிறார். கையேட்டில் முதல் சில பக்கங்களிலேயே அப்படித்தான் பிடிக்கச் சொல்லி வரைந்து காட்டியிருப்பார்கள். நீ அந்த நிழலைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

எடுத்தவர் யார் என்று நீ எழுதியதில்லை. நான் கேட்டதும் இல்லை, இப்போதும் கேட்கவில்லை.

ஆனால் அந்தக் கார்டைப் பற்றி ஒன்று சொல்லிவைக்கிறேன். படங்களை அழிப்பதற்கு நம் கேமராவில் இரண்டு வழிகள் உண்டு. "எல்லாவற்றையும் அழி" என்று கொடுத்தால், சாவிப் படம் போட்டுப் பூட்டிவைத்தவை தப்பும். "ஃபார்மேட்" கொடுத்தால் பூட்டியவையும் சேர்ந்தே போய்விடும். பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. ஏதோ ஒரு இரவில் கார்டைக் காலிசெய்துவிடலாம் என்று தோன்றினால், செய்யாதே. கார்டை எடுத்து, பக்கவாட்டில் இருக்கும் சிறிய பூட்டுத் தாழைக் கீழே தள்ளி, ஒரு உறையில் போட்டு வை. வேறு கார்டு வாங்கிக்கொள். ஏற்கெனவே அழித்துவிட்டாய் என்றாலும், அதில் புதிய படம் எதையும் எடுக்காமல் இருந்தால், மீட்பு மென்பொருள் வழியாகப் பெரும்பாலும் திரும்ப எடுத்துவிடலாம். இதையெல்லாம் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அம்புக்குறி வட்டத்தின் கீழ்ப் பக்கத்தை அழுத்தினால் கடிகாரம் போன்ற ஒரு படம் வரும். அது தானியங்கி நேரம். இரண்டு வினாடி என்பது கை ஆடாமல் எடுப்பதற்கு. பத்து வினாடி என்பது எடுப்பவரும் படத்தில் வருவதற்கு. பத்தை எடுத்துக்கொள். நாலைந்து புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் கேமராவை வை. இதில் எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: பொத்தானை அழுத்தும் நொடியிலேயே கேமரா தூரத்தைக் கணித்துவிடும் என்பதால், நீ இல்லாத இடத்தைக் காட்டி அழுத்தினால் பின்னால் இருக்கும் சுவர் தெளிவாகவும் நீ மங்கலாகவும் விழுவாய். ஆகவே நீ உட்காரப்போகும் நாற்காலியை முதலில் வைத்து, அதன் முதுகில் பச்சைக் கட்டம் விழும்படி பாதி அழுத்தி, பிறகு முழுதும் அழுத்திவிட்டுப் போய் உட்கார். முன்புற விளக்கு மெதுவாகச் சிமிட்டிக்கொண்டே இருந்து, கடைசி இரண்டு வினாடியில் வேகமாகச் சிமிட்டும். அப்போது அசையாமல் இருந்தால் போதும். முகம் நுழைந்தால் தானே எடுத்துக்கொள்ளும் வசதி சில மாடல்களில் உண்டு. நம்முடையதில் இல்லை, நாற்காலிதான்.

ஜூமை முழுதும் உள்ளே இழுத்து, அகலக் கோணத்தில் வை. அங்கேதான் லென்ஸ் அதிக வெளிச்சத்தை வாங்கும். ஜன்னல் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுபோகும். அப்படியானால் ஃபிளாஷைக் கட்டாயமாக எரியவிடு, அல்லது நாற்காலியைத் திருப்பிப் போடு. ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை ஏற்றினால் புள்ளி புள்ளியாக வரும் என்று யோசிக்காதே, வரட்டும். சவரம் செய்யவில்லை, இளைத்திருக்கிறேன், வீடு கலைந்து கிடக்கிறது என்றெல்லாம் காரணம் பார்க்க வேண்டாம். ஓரங்களை வெட்டாதே. சட்டை எதுவாக இருந்தாலும் சரி. படம் கோணலாக இருந்தாலும் என் மென்பொருளில் நேராக்கிக்கொள்வேன்.

இவ்வளவு படித்தவன், பிறருடைய கேமராவையெல்லாம் சரிசெய்து கொடுத்தவன், தன்னுடையதில் ஒரு தேதியைக் கவனிக்காமல் விட்டாயே என்றுதான் எனக்கு வருத்தம். அதைத் தவிர வேறு வருத்தம் எதுவும் இல்லை. எடுப்பதற்கு முன் தேதியைச் சரிபார்த்துக்கொள். முழு அளவில், மின்னஞ்சலில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: சார்ஜர் கெட்டுப்போயிருந்து அதனால்தான் கேமராவைத் தொடவில்லை என்றால் ஒரு வரி எழுது. என்னுடையதை அனுப்பிவைக்கிறேன். இரண்டும் ஒன்றுதான். எனக்கு இப்போதைக்கு அவசரம் இல்லை.