அந்த லோரிக்காரன் ஏன் காத்திருக்க வேண்டும்?

அன்புள்ள தங்கைக்கு,

உன் நாவலின் முதல் எட்டு அத்தியாயங்களைப் படித்தேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம். சம்பள நாள் விடியலில் வெட்டுப்பட்டுச் சாகும் கிராணி (தோட்டக் கணக்கர்), சமையலறை ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிடும் மனைவி, அவளுக்கு ஆதரவாக வரும், பழக்குலை ஏற்றும் லோரிக்காரன். ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் கொலைக்கும் காதலுக்கும் ஒட்டே இல்லை. அவர்களைத் தடுப்பது மாமியாரின் கோபமும் ஊர்ப் பேச்சும் மட்டும்தான். புருஷன் காய்ச்சலில் செத்திருந்தாலும் இதே கதைதானே வந்திருக்கும்? குற்றத்துக்குப் பிறகு முளைக்கும் காதலை எழுதினால், அதைத் தடுப்பது அந்த வழக்காகவே இருக்க வேண்டும்.

முதலில் கொலைக்கான காரணத்தை மாற்று. உன் கதை நடப்பது இன்றைக்கு. வேலைச் சட்டப்படி சம்பளம் வங்கிக் கணக்கில் போட வேண்டியது. தொழிலாளி எழுத்தில் கேட்டால்தான் ரொக்கம். சம்பளப் பையோடு வரும் கிராணியை மடக்கும் கதைக்கு 1980களுக்குப் போக வேண்டும். போனால் கைப்பேசி கிடையாது, கொலை வழக்கில் ஜூரி உண்டு. நீ இன்றைய கதையில் ஜூரிகளை உட்கார வைத்திருக்கிறாய். அந்த முறை 1995 ஜனவரி 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது ஒரே ஒரு நீதிபதிதான்.

இன்றையதாகவே இருக்கட்டும், குலைத் திருட்டை வை. கிராணியின் கணக்கில் அன்று 500 குலை, சராசரி 20 கிலோ, ஆக 10 டன். எண்ணெய் ஆலையின் எடைச்சீட்டில் மொத்த எடையிலிருந்து வெற்று லோரியின் எடையைக் கழித்தால் நிகர எடை 8.6 டன். ஈரம் காய்ந்தது, உதிரிப்பழம் சிந்தியது என்று கொஞ்சம் குறையலாம், 1.4 டன் அப்படிக் குறையாது. 70 குலை வழியில் எங்கோ இறங்கியிருக்கிறது. முதல் சந்தேகம் யார் மேல் விழும்? லோரிக்காரன் மேல்தான். சீட்டுகளைக் கிராணி வீட்டு அலமாரியில் வைத்திருந்தார் என்று வைத்துக்கொள். அவள் அவற்றை எடுத்துப் பார்க்கும் இரவிலிருந்து அவனுடைய ஒவ்வொரு உதவிக்கும் இரண்டு அர்த்தம் வந்துவிடும்.

அடுத்தது அவளுடைய வாக்குமூலம். மூன்றாம் அத்தியாயத்தில் ‘போலீஸ் விசாரித்தது’ என்று ஒரு வரியில் தாண்டிவிட்டாய். உன் நாவலின் சுழி அங்கேதான் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112ஆம் பிரிவின் கீழ் சாட்சியைக் கேள்வி கேட்டு, எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அதில் ஒன்றை மட்டும் அவள் சொல்லாமல் விடட்டும்: வெட்டு விழுவதற்கு முன், ஐந்தரை மணிக்கு, லோரிக்காரன் கிராணியைத் தேடி வந்து வாசலில் பத்து நிமிடம் நின்றான். தப்பு ஒன்றும் நடக்கவில்லை. இருட்டு விலகாத நேரத்தில் வேற்று ஆள் வாசலில் நின்றதை எழுத்தில் தர அவளுக்குக் கூச்சம், அவ்வளவுதான். அவனோ தன் வாக்குமூலத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறான்.

இனி அந்த இரண்டு தாளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். 113ஆம் பிரிவின்படி, தற்காப்பு வழக்கறிஞர் கேட்டால் நீதிபதி அவளுடைய பழைய வாக்குமூலத்தைப் பார்க்க வேண்டும்; நீதிக்குத் தேவை என்று பட்டால் நகலையும் கொடுக்கச் சொல்லலாம். முரண் இருந்தால் அதை வைத்தே இவள் சொல்லை நம்பாதீர்கள் என்று வாதிடலாம். அந்த நிலையில் இருவரும் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சேர்ந்து ஒரு பாக்கெட் மீ வாங்கினாலும், ‘முன்பிருந்தே பழக்கம், பேசி வைத்துக்கொண்டு சாட்சி சொல்கிறார்கள்’ என்றாகிவிடும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது சரி. அந்த வாய் நீதிமன்றம் வரைக்கும் போகும் என்பதுதான் இங்கே பயம். அவன் ஏன் காத்திருக்க வேண்டும் என்பதற்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

ஐந்தாம் அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் மேலும் அவளுக்கு மனம் சாய்கிறது. எடுத்துவிடு. வாக்குமூலம் எழுதியவரே சாட்சியைக் காதலித்தால் வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

நாள் கணக்குக்கு வருகிறேன். ‘ஒரு மாதம் லாக்கப்பில் வைத்திருந்தார்கள்’ என்று எழுதியிருக்கிறாய். கொலைக் கேசில் அது நடக்காது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மரண தண்டனைக்குரிய குற்றம் என்றால் முதல் தடுப்புக்காவல் அதிகபட்சம் 7 நாள், அடுத்ததும் 7 நாள். அதற்குள் குற்றம் சாட்ட வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். இப்போது நம் சடங்குக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார். மறுநாளே இரண்டு பேரைப் பிடித்தால், காவல் முடிவதும் 16ஆம் நாள் கருமாதியும் ஒட்டி வருகின்றன. ஒருவன் மேல் குற்றம் சாட்டப்படுகிறது. கொலைக்குற்றம் என்பதால் அவனுக்கு ஜாமீனை மறந்துவிடலாம். இன்னொருவனை ஆதாரம் போதாமல் விட்டுவிடுகிறார்கள். அவனும் அதே தோட்டத்து ஆள். கருமாதிச் சாப்பாட்டுக்கு வந்து பந்தியில் உட்காருகிறான். அவள் பரிமாற வேண்டும். உன் வரைவில் வில்லன் சிறைக்குள் இருப்பதால் எட்டாம் அத்தியாயத்தோடு பயம் தீர்ந்துவிடுகிறது. இவன் வெளியே இருந்தால் கடைசிவரை தீராது.

வெட்டிய பாராங், அதாவது அந்த நீளக் கத்தி, எப்போது கிடைக்கலாம் என்பதையும் தோட்டமே சொல்லும். ஒரு பிளாக்கில் குலை வெட்டியவர்கள் மறுபடி அங்கே வர 10 முதல் 14 நாள் ஆகும். மட்டைக் குவியலில் செருகிய கத்தி அதுவரை யார் கண்ணிலும் படாமல் கிடக்கலாம். கண்டெடுப்பவன் வெளிநாட்டுத் தொழிலாளியாக இருக்கட்டும். இன்றைக்குக் குலை வெட்டுவோர் பெரும்பாலும் அவர்கள்தான். நீ லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) முழுக்கத் தமிழர்களைக் குடிவைத்திருப்பது பழைய படம். வேலை பெர்மிட் போய்விடும் என்ற பயத்தில் அவன் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அவள் மனநிலையை அவசரப்படுத்தாதே. இரண்டாம் வாரத்திலேயே லோரிக்காரன் தோளில் சாய்கிறாள், எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்முன் கொலை பார்த்தவளுக்குத் தூக்கம் போகும், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப் போடும், அந்த ஜன்னல் பக்கமே போகமாட்டாள். ஒரு மாதம் தாண்டியும் இவை நீடித்தால்தான் மருத்துவர்கள் அதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்பார்கள். அவன் பின்னாலிருந்து தொட்டால் அவள் அலறுவாள். ஆகவே வாசலுக்கு வரும்போதெல்லாம் லோரி ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டு வரட்டும். முத்தத்தைவிட அது வாசகருக்குப் பிடிக்கும். இன்னொன்று: ஆயுதத்தைப் பார்த்த கண் முகத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. பாராங்கின் பிடியில் சுற்றியிருந்த சிவப்பு டேப் வரை சொல்வாள். அடையாள அணிவகுப்பில் முகம் தெரியாமல் நிற்பாள்.

இரவில் தோட்டத்தில் ஓடும் காட்சியில் ஆந்தை ‘ஊ’ என்று கூவுகிறது. செம்பனையில் எலி பிடிக்கப் பெட்டி கட்டி வளர்ப்பது வெண்கூகையை. அது கூவாது, கிரீச்சிடும். மரங்கள் முக்கோணமாக ஏறக்குறைய 9 மீட்டருக்கு ஒன்று நிற்கும், ஒரு நிரை விட்டு ஒரு நிரையில் மட்டை குவிந்திருக்கும். குறுக்கே ஓடினால் காய்ந்த மட்டை ஆளைக் காட்டிக்கொடுக்கும், முள்ளும் கிழிக்கும். அவளை நிரையோடு ஓடவிடு.

விசாரணை ஈப்போ உயர்நீதிமன்றத்தில். அவளும் லோரிக்காரனும் தனித்தனி பஸ்ஸில் போகட்டும். ஒருவர் சாட்சி சொல்லும்போது மற்றவர் வெளியே பெஞ்சில்தான் இருக்க வேண்டும், உள்ளே நடப்பதைக் கேட்கக்கூடாது. ஆகவே அந்தப் பத்து நிமிடத்தை அவள் ஒத்துக்கொண்டாளா என்பது அவனுக்குத் தெரியாது. அவன் முறை வரும்போது தெரியாமலேதான் உள்ளே போவான். கேள்வி மலாயில் வரும், பிறகு மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார். மலாய் புரிந்தவளுக்கு அந்த இடைவெளி யோசிக்கக் கிடைக்கும் நேரம். அதை முழுசாகப் பயன்படுத்து. முதல் தொடுகை இருவரும் கூண்டிலிருந்து இறங்கிய பிறகுதான்.

தீர்ப்பில் ‘கட்டாயத் தூக்கு’ என்று எழுதாதே. 2023 ஜூலை 4 முதல், கொலைக்கான தண்டனைச் சட்டம் 302ஆம் பிரிவுக்கு மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையோடு குறைந்தது 12 பிரம்படி. நீதிபதி தேர்ந்தெடுக்கலாம். கல்யாணத்தைத் தலைத்திவசத்துக்கு முன்னால் வைக்காதே, அவள் மாமியாரே நம்பமாட்டாள்.

மற்றதையெல்லாம் பிறகு பார்ப்போம். கருமாதிப் பந்தியை மட்டும் முதலில் எழுதி அனுப்பு. 1,500 சொல்லுக்கு மேல் வேண்டாம். அந்த ஆள் சாப்பிட்டு எழுந்து கை கழுவும்வரை அவனும் அவளும் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது.

அன்புடன்,
அக்கா